நெல்லை ஏன் அவிக்கணும்? பெரிபெரி என்கிற நோயின் கதை

பட்டணத்தில் இருந்து ஊருக்கு வர்ற நண்பர்கள் பெரும்பாலும் ரெண்டு கேள்வி கேட்பாங்க. ஒண்ணு, "இங்க நிலம் என்ன விலை போகுது?" இன்னொண்ணு, "எதுக்குங்க நெல்லை ஊறவச்சு, அவிச்சு, காயவச்சு, அப்புறம் அரைச்சு இவ்வளவு பாடு? நேரா அரைச்சா பச்சரிசி ஆயிடுதே?" முதல் கேள்விக்கு நான் பதில் சொல்றதில்லை. ரெண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லணும்னா ஜப்பான் கப்பல், ஜாவா தீவுக் கோழி, மலேயா பைத்தியக்கார ஆஸ்பத்திரி, நம்ம குன்னூர்னு ஒரு சுத்து சுத்தி வரணும். வயல்ல வேலை கம்மியா இருக்கிற நேரத்துல அங்கங்க படிச்சதைச் சேர்த்து எழுதறேன். நிதானமாப் படிங்க.

முதல்ல நெல்லோட உடம்பைப் பத்திச் சொல்லிடறேன். மேல உமி. அது மாட்டுக்கும் ஆகாது, அடுப்புக்குத்தான். உமியை எடுத்தா உள்ளே பழுப்பு நிறத்துல அரிசி. அந்தப் பழுப்புத் தோல்தான் அரைக்கும்போது தவிடா வரும். ஒரு ஓரத்துல கண்ணு மாதிரி சின்னதா முளை இருக்கும். மெஷின்ல தீட்டத் தீட்ட தவிடும் போகும், முளையும் போகும். மிச்சம் இருக்கிறது வெள்ளை மாவுச்சத்து. பார்க்க மல்லிகை மொட்டு மாதிரி இருக்கும். அரிசியில இருக்கிற வைட்டமின் பி1, டாக்டருங்க தயமின்னு சொல்றது, பெரும்பங்கு அந்தத் தவிட்டுலயும் முளையிலயும்தான் இருக்கு. நம்ம உடம்பு சோத்தை எரிச்சு சக்தியா மாத்தணும்னா இந்தத் தயமின் வேணும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல இருந்தாப் போதும். ஆனா உடம்பு அதைச் சேர்த்து வைக்காது. மொத்தக் கையிருப்பே 30 மில்லிகிராம்தான். வரத்து நின்னா ரெண்டு மூணு வாரத்துல குதிர் காலி.

குதிர் காலியானா வர்ற நோய்க்குப் பேருதான் பெரிபெரி. அது சிங்களச் சொல்லுன்னும், 'முடியலை, முடியலை'ன்னு அர்த்தம்னும் ஒரு விளக்கம் உண்டு. அந்த விளக்கம் சரியோ இல்லையோ, நோய்க்குப் பொருத்தமான பேர்தான். முதல்ல காலு ரெண்டும் மரத்துப்போகும், பாதம் எரியும், குந்தி உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாது. சிலருக்கு உடம்பு வத்தி நரம்பு செத்து நடையே போயிடும். சிலருக்கு எதிர்மாறா, கால் வீங்கி, மூச்சு வாங்கி, நெஞ்சு படபடத்து, இதயம் வீங்கிச் செத்துடுவாங்க. முதல் வகையை உலர் பெரிபெரின்னும், ரெண்டாவதை ஈரப் பெரிபெரின்னும் பிரிச்சாங்க. ஒரே வீட்டுல அண்ணனுக்கு ஒண்ணும் தம்பிக்கு ஒண்ணுமா வரும். இது ஒரே நோய்தான்னு நம்பறதே அந்தக் காலத்துல கஷ்டமா இருந்திருக்கும்.

ஜப்பான்ல இதுக்குக் காக்கேன்னு பேரு. அது பணக்காரன் நோய், பட்டணத்தான் நோய். ஏன்னா தீட்டின வெள்ளை அரிசி அவங்களுக்குத்தான் கிடைச்சுது. கிராமத்தான் பார்லியும் மத்த தானியமும் கலந்து சாப்பிட்டான், அவனுக்கு வரலை. அப்புறம் ராணுவத்துலயும் கடற்படையிலயும் சேர்ந்தா தினமும் வெள்ளைச் சோறுன்னு ஆச்சு. ஏழை வீட்டுப் பையன் அதுக்காகவே சேர்ந்தான். சேர்ந்து நாலு மாசத்துல கால் மரத்துப்போச்சு.

1882-ல ரியூஜோன்னு ஒரு கடற்படைப் பயிற்சிக் கப்பல் நியூசிலாந்து, தென் அமெரிக்கான்னு நீண்ட பயணம் போச்சு. கப்பல்ல 376 பேர். அதுல 169 பேருக்கு பெரிபெரி, 25 பேர் செத்துப்போனாங்க. தகாகி கனேஹிரோன்னு ஒரு கடற்படை டாக்டர், இங்கிலாந்துல படிச்சவர், அங்க மாலுமிகளுக்கு இந்த நோயே இல்லைங்கறதைக் கவனிச்சிருந்தார். வித்தியாசம் சாப்பாட்டுலதான்னு அவருக்குப் பட்டுது. 1884-ல சுகுபாங்கற இன்னொரு கப்பலை அதே வழியில அனுப்ப வச்சார். இந்தத் தடவை சோத்தைக் குறைச்சு இறைச்சி, பால், ரொட்டின்னு கொடுத்தாங்க. வெறும் 14 பேருக்குத்தான் நோய் வந்துது, ஒருத்தரும் சாகலை. அந்த 14 பேர்ல பலர் புது சாப்பாடு பிடிக்காம ஒழுங்கா சாப்பிடாதவங்க. அப்புறம் அரிசியோட பார்லியைக் கலந்தாரு. கடற்படையில நோய் ஏறக்குறைய ஒழிஞ்சுபோச்சு.

இதுல ஒரு வேடிக்கை. தகாகி சொன்ன காரணம் தப்பு. புரதம் பத்தலைன்னு அவர் நினைச்சார். காரணம் தப்பா இருந்தும் வைத்தியம் சரியாப்போச்சு. ஆனா காரணம் தப்பா இருந்ததாலேயே தரைப்படை டாக்டருங்க அவரை மதிக்கலை. அது ஜெர்மனியில படிச்ச கூட்டம். எல்லா நோய்க்கும் கிருமிதான் காரணம்னு உலகமே சொல்லிக்கிட்டிருந்த காலம். ஜப்பானோட பெரிய எழுத்தாளர்கள்ல ஒருத்தரான மோரி ஓகாய் அந்தத் தரைப்படை டாக்டர்கள்ல முக்கியமானவர். வெள்ளை அரிசியை விட்டுக்கொடுக்க அவங்க சம்மதிக்கலை. 1904-05 ரஷ்யப் போர்ல ஜப்பான் தரைப்படையில ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேருக்குப் பெரிபெரி வந்து, 27,000 பேர் அளவுக்குச் செத்தாங்க. கடற்படை 20 வருஷத்துக்கு முன்னாலேயே தீர்த்துவச்ச நோய்ல! இதைப் படிச்சப்ப எனக்கு ரெண்டு நாள் மனசே சரியில்லை. மகனைச் சண்டைக்கு அனுப்பினவனுக்கு, அவன் குண்டடிபட்டுச் சாகலை, சோத்தால செத்தான்னு யாராவது சொல்லியிருப்பாங்களா?

இப்ப ஜாவாவுக்கு வருவோம். அது அப்ப டச்சுக்காரன் ஆட்சி. அங்கயும் சிப்பாய்க்கும் கைதிக்கும் பெரிபெரி. 1886-ல கிருமியைக் கண்டுபிடிக்க ஒரு குழுவை அனுப்பினாங்க. குழு திரும்பிப் போனப்ப கிறிஸ்டியான் எய்க்மான்கிற இளம் டாக்டரை பட்டாவியாவுல, அதாவது இன்னிக்கு ஜகார்த்தாவுல, விட்டுட்டுப் போனாங்க. அவர் ஆய்வுக்காகக் கோழி வளர்த்தார். திடீர்னு கோழிங்க தள்ளாட ஆரம்பிச்சுது, கால் விளங்காம சாஞ்சுது, கழுத்து பின்னால வளைஞ்சுக்கிச்சு. பெரிபெரி மாதிரியே இருக்கேன்னு அவர் கிருமியைத் தேடினார். தேடிக்கிட்டே இருக்கும்போது கோழிங்க தானா தேறிடுச்சு!

என்ன ஆச்சுன்னு விசாரிச்சா, சமையல்காரர் சமாச்சாரம். கொஞ்ச காலமா ராணுவ ஆஸ்பத்திரி சமையல்கட்டுல மிச்சமான வெள்ளைச் சோத்தைக் கோழிக்குப் போட்டிருக்காங்க. அப்புறம் புதுசா வந்த சமையல்காரர், ராணுவத்து அரிசியை சிவில் கோழிக்கெல்லாம் தரமுடியாதுன்னு சொல்லிட்டார். அதனால மறுபடி தீட்டாத அரிசியைப் போட்டிருக்காங்க, கோழி பிழைச்சுது. அந்தச் சமையல்காரர் பேரைக்கூட யாரும் எழுதிவைக்கலை. அவரு கறாரா இருந்ததுலதான் ஒரு நோபல் பரிசே வந்துது.

கோழி வளர்க்கிறவங்களுக்கு ஒரு இடைச்செருகல். குஞ்சு கழுத்தைத் திருகிக்கிட்டு வானத்தைப் பார்த்தா நம்ம ஊர்ல உடனே வெள்ளைக்கழிச்சல்னு முடிவு கட்டிடுவோம். அதுவாவும் இருக்கலாம். ஆனா பி1 பத்தாத கோழியும் அப்படித்தான் வானம் பார்க்கும். கால்நடை டாக்டர்கிட்ட காட்டிட்டு முடிவு பண்ணுங்க. மாட்டுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. அதோட பெருவயித்துல இருக்கிற நுண்ணுயிரே தயமினைச் செஞ்சு கொடுத்துடும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கோழிக்குச் சரி, மனுசனுக்கு? ஃபோர்டர்மான்கிற அதிகாரி 1895-96-ல ஜாவாவுல 101 சிறைச்சாலையைக் கணக்கெடுத்தார். ஒவ்வொரு சிறையிலயும் அந்தந்தப் பகுதி வழக்கப்படி அரிசி. தவிடு முழுசாப் போகாத அரிசி கொடுத்த 37 சிறையில ஒரே ஒரு சிறையிலதான் பெரிபெரி இருந்துது. தீட்டின வெள்ளை அரிசி கொடுத்த 51 சிறையில 36-ல இருந்துது. ரெண்டையும் கலந்து கொடுத்த 13-ல 6. கட்டடம் பழசா புதுசா, காத்தோட்டம் இருக்கா, கூட்டம் நெரிசலா, எல்லாத்தையும் பார்த்தார். எதுவும் ஒத்துவரலை, அரிசி மட்டும்தான் ஒத்துவந்துது.

இவ்வளவு தெரிஞ்சும் எய்க்மான் வெள்ளை அரிசியில விஷம் இருக்கு, தவிடு அதுக்கு மாத்து மருந்துன்னுதான் நினைச்சார். 1896-ல உடம்பு சரியில்லாம நாட்டுக்குத் திரும்பிட்டார். அவரு இடத்துக்கு வந்த கெரிட் கிரைன்ஸ்தான் 1901-ல சரியான வார்த்தையைச் சொன்னார்: அரிசியில விஷம் ஒண்ணும் இல்லை, இருக்க வேண்டியது இல்லை, அதான் நோய். ஒண்ணு இருக்கிறதால நோய் வரும்னு எல்லாருக்கும் புரிஞ்சுது. ஒண்ணு இல்லாததால நோய் வரும்கிறது அதுவரைக்கும் பெரும்பாலானவங்களுக்குத் தோணலை. 1929-ல நோபல் பரிசு எய்க்மானுக்கும் இங்கிலாந்துக்காரர் ஹாப்கின்ஸுக்கும் கொடுத்தாங்க. கிரைன்ஸுக்குக் கொடுக்கலை. என்னைக் கேட்டா அதுல பாதி கிரைன்ஸோடது.

இனி நம்ம ஆளுங்க கதை. மலேயாவுல அந்தச் சமயம் ஈயச் சுரங்கத்துல சீனர்கள் ஆயிரக்கணக்குல பெரிபெரியில செத்துக்கிட்டிருந்தாங்க. அதே நாட்டுல, அதே வெயில்ல மழையில வேலை செஞ்ச தமிழ்க் கூலிகளுக்கு அந்த நோய் அபூர்வம். நம்மாளுங்க நாகப்பட்டினத்துல கப்பல் ஏறிப் போனவங்க. மூட்டையில துணி இருந்துதோ இல்லையோ, புழுங்கல் சோத்துப் பழக்கத்தைக் கூடவே கொண்டுபோனாங்க. சீனர்கள் சாப்பிட்டது சயாம்ல இருந்து வந்த தீட்டின பச்சரிசி. மலாய்க்காரங்க தங்க வயல் நெல்லை அப்பப்பக் குத்திச் சாப்பிட்டாங்க. அவங்களுக்கும் நோய் இல்லை. பிராடன்கிற டாக்டர் இதையெல்லாம் கவனிச்சு 1907-ல பெரிய புஸ்தகமே போட்டார். அவரும் காரணத்தைத் தப்பாத்தான் சொன்னார். அரிசி பூசணம் பிடிச்சு விஷமாகுது, அவிச்சா ஆகறதில்லைன்னு.

இதைச் சோதிச்சுப் பார்த்தவர் ஃபிளெட்சர்ங்கற டாக்டர், கோலாலம்பூர் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில. 1905 கடைசியில நோயாளிகளை வரிசையா நிக்கவச்சு, ஒத்தைப்படை நம்பருக்கு சயாம் பச்சரிசி, ரெட்டைப்படை நம்பருக்கு நம்ம புழுங்கல்னு பிரிச்சார். பச்சரிசி சாப்பிட்ட 120 பேர்ல 30-க்கும் மேற்பட்டவங்களுக்கு நோய் வந்து 18 பேர் செத்தாங்க. புழுங்கல் சாப்பிட்ட 123 பேர்ல ரெண்டே பேருக்குத்தான் நோய், அதுவும் ஆஸ்பத்திரிக்கு வரும்போதே இருந்தது. சாவு ஒண்ணுகூட இல்லை. புத்தி சுவாதீனம் இல்லாதவங்க, வேண்டாம்னு சொல்லத் தெரியாதவங்க. அவங்களை வச்சு இப்படிச் செஞ்சது எனக்கு உறுத்தத்தான் செய்யுது. இன்னிக்கா இருந்தா விடமாட்டாங்க. ஆனா அந்த 18 பேர் செத்ததுல வந்த அறிவுலதான் நாம உட்கார்ந்திருக்கோம், அதையும் மறுக்க முடியாது.

ஃபிளெட்சர் கணக்கை நம்பாதவங்களுக்காக ஃப்ரேசர், ஸ்டான்டன்னு ரெண்டு பேர் நெகிரி செம்பிலான் காட்டுக்குள்ள ரோடு போட்ட 300 ஜாவாக் கூலிகளை ரெண்டு பிரிவாப் பிரிச்சு அதையே செஞ்சாங்க. மூணு மாசத்துல வெள்ளை அரிசிப் பிரிவுல நோய் வந்துது. அரிசியை மாத்திப் போட்டாங்க, நோயும் பிரிவு மாறிப்போச்சு. 1909-ல இதை வெளியிட்டாங்க. அதுக்கப்புறம் யாரும் பெருசா வாய் திறக்கலை.

சரி, அவிக்கும்போது என்னதான் நடக்குது? நெல்லை ஊறவைக்கும்போது தண்ணி உமி வழியா உள்ளே போகுது. தவிட்டுலயும் முளையிலயும் இருக்கிற தயமின் தண்ணியில கரையற சரக்கு. ஆவியில வேகும்போது அந்தத் தண்ணியோட சேர்ந்து அரிசியோட உள்பக்கம் இறங்கிடுது. அரிசி மாவு வெந்து இறுகி அதை உள்ளேயே பூட்டி வச்சுக்குது. அப்புறம் மெஷின்ல தீட்டினா தவிடு போகும், ஆனா உள்ளே இறங்கினது போகாது. இந்திய உணவு அட்டவணையில பார்த்தா, 100 கிராம் தீட்டாத அரிசியில தயமின் 0.27 மில்லிகிராம் அளவு, புழுங்கல் அரிசியில 0.17, தீட்டின பச்சரிசியில 0.05. பச்சரிசியில அதுக்கும் மேல ஒரு நஷ்டம் உண்டு. நாலு தடவை கழுவி ஊத்தினா இருக்கிறதுல பாதி வரைக்கும் கழனித் தண்ணியில போயிடும். சோறு வடிச்சா கஞ்சியில கொஞ்சம் போகும். கழனித் தண்ணியும் கஞ்சியும் குடிச்ச மாடு கொழுகொழுன்னு இருந்ததுக்குக் கணக்கு புரியுதா?

நம்ம முன்னோர் வைட்டமின் தெரிஞ்சுதான் நெல்லை அவிச்சாங்கன்னு வாட்ஸப்புல ஒரு செய்தி சுத்துது. எனக்கு அதுல நம்பிக்கை இல்லை. எங்க பாட்டி சொன்ன காரணம் மூணு: அவிச்ச நெல்லு குத்தும்போது குருணை ஆகாது, உமி சட்டுனு விட்டுப்போகும், வண்டு சீக்கிரம் விழாது. இந்த மூணும் நிஜம்தான், எந்த மில்லுக்காரரும் ஒத்துக்குவார். நொய்யாப் போகாம முழு அரிசி கிடைக்கணும்னு செஞ்ச வேலை, உசுரையும் காப்பாத்திச்சு. தெரியாம செஞ்சாலும் நல்லதுதானே, அதுக்கு எதுக்குப் பொய் சொல்லணும்?

ஊட்டிக்குப் போற பட்டணத்து நண்பர்கள் குன்னூர்ல சிம்ஸ் பார்க்குக்குப் போவீங்க. பக்கத்துல பாஸ்டர் ஆய்வகம் இருக்கு, நாய்க்கடி மருந்துக்குப் பேர் போனது. அங்கதான் 1918-ல ராபர்ட் மெக்கரிசன்கிற டாக்டர் சத்துக்குறை நோய்களைப் பத்தின ஆராய்ச்சியை ஆரம்பிச்சார். தீட்டின அரிசியைப் புறாவுக்குப் போட்டுப் பார்த்தார். அந்தச் சின்ன ஆராய்ச்சிக்கூடம்தான் வளர்ந்து 1958-ல ஹைதராபாத்துக்குப் போய், இன்னிக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா இருக்கு. மெக்கரிசனுக்கு அப்புறம் 1935-ல வந்த ஐக்ராய்டு சென்னை மாகாணத்து அரிசியையே எடுத்து அலசினார். மாகாணத்தோட வடக்கே, இன்னிக்கு ஆந்திரக் கடலோரமா இருக்கிற வட சர்க்கார் மாவட்டங்கள்ல, மில்லுல தீட்டின பச்சரிசிதான் சாப்பாடு, அங்க பெரிபெரி இருந்துது. தெற்கே நம்ம பக்கம் அதைவிட ஏழை ஜனம், மீனும் பருப்பும் கம்மியாச் சாப்பிட்ட ஜனம், ஆனா புழுங்கல். இங்க பெரிபெரி கிடையாதுன்னே சொல்லலாம். ஒரே மாகாணம், ஒரே கலெக்டர் ராஜ்ஜியம். பிரிச்சது அவிக்கிற அண்டா மட்டும்தான்.

அந்தச் சரக்கைத் தவிட்டுல இருந்து பிரிச்செடுக்கிறது தனிக்கதை. 1912-ல காசிமிர் ஃபங்க்ங்கறவர் இதுக்காகத்தான் வைட்டமின்கிற பேரையே உண்டாக்கினார். 1926-ல ஜாவாவுலேயே யான்சன், டோனாத்னு ரெண்டு பேர் அதைப் படிகமா எடுத்தாங்க. அதைச் செயற்கையா செஞ்சுகாட்டினவர் ராபர்ட் வில்லியம்ஸ், 1936-ல. அவர் வேலை பார்த்தது அமெரிக்காவுல ஒரு டெலிபோன் கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்துல! ராத்திரியும் லீவு நாளும் இந்த வேலை. ஏன் இவ்வளவு பிடிவாதம்னா, 1910-ல அவர் மணிலாவுல இளைஞனா இருந்தப்ப வெட்டர்ங்கற ராணுவ டாக்டர் தவிட்டுச் சாறு ஒரு பாட்டில் அவர் கையில கொடுத்து, இதுக்குள்ள என்ன இருக்குன்னு கண்டுபிடின்னார். கைக்குழந்தைக்கு அந்தச் சாறைச் சொட்டுச் சொட்டா விட்டா சாகக்கிடந்தது பிழைச்சுது. கண்டுபிடிக்க 26 வருஷம் ஆச்சு.

கைக்குழந்தை பெரிபெரியைப் பத்தி எழுதாம இருக்க முடியலை. தாய்க்குத் தயமின் கம்மியா இருந்தா தாய்ப்பால்லயும் கம்மி. தாய்க்கு வெளியில பெருசா ஒண்ணும் தெரியாது, லேசாக் கால் மரத்திருக்கும், அவ்வளவுதான். ரெண்டு மூணு மாசம் கொழுகொழுன்னு இருந்த பிள்ளை திடீர்னு பால் குடிக்காது, வாந்தி எடுக்கும், மூச்சிரைக்கும். சில பிள்ளைங்களுக்குக் குரல் போயிடும். வாயைத் திறந்து அழும், கண்ணுல தண்ணி வரும், சத்தம் வராது. சில மணி நேரத்துல இதயம் நின்னுடும். சளி, நிமோனியா, தோஷம்னு என்னென்னமோ பேர் சொல்லிப் புதைச்சிருப்பாங்க. சரியான நேரத்துல தயமின் ஊசி போட்டா அதே சில மணி நேரத்துல பிள்ளை சிரிக்கும். இவ்வளவு வேகமா வேலை செய்யற மருந்து வைத்தியத்துல அதிகம் இல்லைன்னு படிச்சிருக்கேன்.

இதெல்லாம் பழங்கதைன்னு நினைச்சா, இல்லை. 2003-ல இஸ்ரேல்ல ஒரு குழந்தைப் பால்மாவுல தயமின் சேர்க்காம விட்டுட்டாங்க, குழந்தைங்க செத்தாங்க. காஷ்மீர்லயும் வடகிழக்கு மாநிலங்கள்லயும் தாய்ப்பால் மட்டும் குடிச்ச கைக்குழந்தைங்க இந்தக் குறையால மோசமாகி வந்ததை டாக்டருங்க எழுதியிருக்காங்க. அங்க தீட்டின வெள்ளை அரிசிதான் சாப்பாடு, பிள்ளை பெத்தவளுக்குப் பத்தியம்னு மத்ததையும் நிறுத்திடறாங்க.

இன்னொரு கூட்டம் இருக்கு. குடிக்கிறவங்க. குடிச்சா சோறு இறங்காது, இறங்கினதுல இருக்கிற தயமினையும் குடல் ஒழுங்கா வாங்காது. எனக்குத் தம்பி முறை ஆகணும் ஒருத்தன், கொத்து வேலை. நாலஞ்சு வருஷத்துக்கு முன்னால பாதம் எரியுதுன்னு சொல்லிக்கிட்டிருந்தான். சக்கரை வியாதியா இருக்கும்னு பார்த்தோம், இல்லை. அப்புறம் நடை தள்ளாடிச்சு. காலையில ஒரு சொட்டு குடிக்காதப்பவும் தள்ளாடினான். ஊரே "இன்னும் தெளியலை போல"ன்னு சிரிச்சுது. ஒரு நாள் பெண்டாட்டியை யாருன்னு கேட்டான். கண்ணு ரெண்டும் நிலை இல்லாம ஆடிச்சு. மந்திரிச்சுவிடச் சொன்னவங்களும் உண்டு. அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போனோம். இருந்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிக்கிட்டு வந்த நர்ஸம்மாவை நிறுத்திட்டு, "கடைசியா ஒழுங்கா சோறு சாப்பிட்டது எப்போ?"ன்னு அவன் பெண்டாட்டிகிட்ட கேட்டாங்க.

"இருபது நாளா இட்லி ஒண்ணு, ரெண்டு, அவ்வளவுதாங்க டாக்டர்."

முதல்ல தயமின் ஊசி, அப்புறம்தான் குளுக்கோஸ். தயமின் இல்லாத உடம்புல குளுக்கோஸை முதல்ல ஏத்தினா மிச்சம் மீதி இருக்கிறதும் அதை எரிக்கவே தீர்ந்து மூளை இன்னும் கெட்டுடும்னு விளக்கினாங்க. "வெறும் சத்து ஊசிதானா டாக்டர், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாமா?"ன்னு நான்தான் கேட்டேன். "நாளைக்குக் காலையில கண்ணைப் பாருங்க ஐயா, அப்புறம் பேசலாம்"னாங்க. மறுநாள் கண்ணு ஆட்டம் நின்னிருந்துது. பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். கால் தேற ஆறு மாசம் ஆச்சு. ஞாபகம் முழுசாத் திரும்பலை. நேத்து நடந்தது இன்னிக்கு இருக்காது, தானா ஏதாவது சொல்லி நிரப்பிக்குவான். ஒரு மாசம் முன்னால கூட்டிக்கிட்டுப் போயிருந்தா அதுவும் போயிருக்காதுன்னாங்க. வெர்னிக்கேன்னு ஒரு ஜெர்மன் டாக்டர் 1881-லேயே எழுதிவச்ச நோய் இது.

குடிக்கிறவங்களுக்கு மட்டும் வர்றதுன்னும் நினைக்காதீங்க. மசக்கையில வாரக்கணக்கா வாந்தி எடுக்கிற பொண்ணுங்க, நீர் பிரியற மாத்திரை ரொம்ப நாள் சாப்பிடற இதய நோயாளிங்க, சிறுநீரகத்துக்கு டயாலிசிஸ் பண்ணிக்கறவங்க, உடம்பு குறைக்க வயித்துல ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க, வெறும் ரசமும் பச்சரிசிக் கஞ்சியும் குடிச்சுக்கிட்டு தனியாக் கிடக்கிற வயசானவங்க. இவங்களுக்குக் கால் எரிச்சல், காரணம் இல்லாத வீக்கம், தள்ளாட்டம், புத்தித் தடுமாற்றம்னு வந்தா டாக்டர்கிட்ட பி1 பத்தி ஒரு வார்த்தை கேளுங்க. ரத்தப் பரிசோதனை எல்லா இடத்துலயும் கிடையாது. மருந்து கொடுத்துப் பார்த்தே கண்டுபிடிக்கிற நோய்தான் இது, மருந்தும் விலை கம்மி. ஆனா கடையில நீங்களா வாங்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்துடாதீங்க. அதே கால் எரிச்சலுக்குச் சக்கரையும் காரணமா இருக்கும், பி12-ம் காரணமா இருக்கும்.

பச்சரிசி சாப்பிட்டா உடனே பெரிபெரி வந்துடும்னும் பயமுறுத்தலை. கூடவே பருப்பு, பயறு, வேர்க்கடலை, முட்டை, கறின்னு சாப்பிடறவங்களுக்கு அதுலயே போதுமானது கிடைச்சுடும். தட்டுல முக்கால்வாசி வெறும் வெள்ளைச் சோறா இருக்கிறவங்களுக்குத்தான் அரிசி எந்த அரிசிங்கறது உசுர்ப் பிரச்சினை.

இப்ப எங்க வீட்டு நிலவரம். அண்டாவுல அவிக்கிறதை நாங்களும் விட்டு ரொம்ப நாளாச்சு. ஆளும் இல்லை, விறகும் இல்லை, களமும் வீட்டு மனை ஆயிடுச்சு. மில்லுலேயே அவிச்சுக் காயவச்சுத் தர்றாங்க. ரொம்பத் தீட்டாதீங்கன்னு சொன்னா மில்லுக்காரர், "அண்ணே, வெள்ளையா இல்லைன்னா பட்டணத்துல எவனும் வாங்கமாட்டான், உங்களுக்கு மட்டும் தனியா மெஷினை நிறுத்தி ஓட்டணும்"னு சலிச்சுக்குவார். ஆனா செஞ்சு தந்துடுவார். தவிடு ஒட்டின அரிசி ரொம்ப நாள் தாங்காது. எண்ணெய்ச்சத்து இருக்கிறதால காறல் வாடை வந்துடும். அதனால ரெண்டு மாசத்துக்கு மேல சேர்த்து அரைக்கிறதில்லை. போன மாசிக்கு மருமகளுக்குப் பிரசவம் ஆச்சு. பருப்பு வாயு, பயறு சூடு, பச்சரிசிக் கஞ்சியும் பூண்டு ரசமும் மட்டும் கொடுன்னு எங்க அக்கா வந்து சட்டம் போட்டுது. பூண்டு ரசம் இருக்கட்டும்னு சொல்லிட்டு, மூணாம் நாள்லேருந்து புழுங்கல் சோறும் பாசிப்பருப்பும் போடச் சொன்னேன். அக்கா இன்னும் என்கிட்ட சரியாப் பேசறதில்லை.